ஒன்பதாவது ரீல் வராத ஆடிப்பெருக்கு

எங்கள் விநியோக அலுவலகத்தில் இப்போது வேலை பார்ப்பவர்களுக்குப் படம் என்பது ஒரு கடவுச்சொல். சென்னையிலிருந்து போனில் வரும். தியேட்டருக்குப் போனில் போகும். வாரம் முடிந்தால் காலாவதியாகும். யாருக்கும் கை அழுக்காவதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று அவர்கள் எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். கையோடு ஒரு கேள்வியையும் போர்த்தினார்கள்.

"சார், 'கறுப்புச் சேணம்' படத்துக்கு எப்படி சார் ரெண்டு வெர்ஷன் வந்துச்சு? நெட்ல ஆளாளுக்கு ஒரு கதை விடறாங்க. நீங்க அப்ப இருந்தீங்கல்ல? எழுதுங்க சார்."

இருந்தேன். அதைவிட, இரண்டாவது வெர்ஷன் உண்டானதற்குக் காரணமே நான்தான்.

'கறுப்புச் சேணம்' ஒரு தமிழ்க் கௌபாய் படம். அதன் 'ஸ்ரீரங்கம் வெர்ஷன்' பற்றி இணையத்தில் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். எட்டாம் ரீலில் குண்டடிபட்டு மணலில் சாய்ந்த கதாநாயகன், எந்த விளக்கமும் இல்லாமல் அடுத்த நொடியே குதிரையில் பாய்ந்து வருவதை 'துணிச்சலான மௌனம்' என்கிறார். டைரக்டரே முண்டாசு கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து தன் கையால் வெட்டினார் என்று இன்னொரு கட்சி. நானும் நாலு புத்தகம் படித்தவன். மௌனத்தைப் பற்றி யார் எழுதினாலும் மரியாதையோடு படிப்பேன். ஆனால் இந்த மௌனத்தை இயற்றியது காவிரிப் பாலத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டம். உதவி, அடியேன்.

எண்பதுகளில், பட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பத்தொன்பது வயதில் திருச்சியில் அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். வேலையின் பெயர் பிரிண்ட் செக்கர். தியேட்டரிலிருந்து திரும்பி வரும் படச்சுருளை மேஜையில் வைத்து, ஒரு கைப்பிடிச் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றி, எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே ஓரத்து ஓட்டைகள் பிய்ந்திருக்கின்றன என்று பார்த்து ஒட்டி அனுப்ப வேண்டும். கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் என் விரலைத்தான் வெட்டிக்கொண்டேன்.

எனக்கு மேலே தலைமைச் செக்கராக இருந்தவர் காதர் பாய். பாலக்கரைக்காரர். வெள்ளைச் சட்டை, மேல் பையில் சிறு கத்தரிக்கோல், காதில் அத்தர் பஞ்சு. பிலிமைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று பேச்சும் சக்கரமும் ஒன்றாக நிற்கும். விரல் நின்ற இடத்தில் எறும்புக் கடி அளவுக்கு ஒரு கிழிசல் இருக்கும்.

ஒட்டுவது அவருக்கு ஒரு சடங்கு. கிழிந்த இரண்டு முனைகளையும் படக்கட்டத்தின் கோட்டில் நேராக வெட்டுவார். ஒரு முனையில் மட்டும் மேல்பூச்சை பிளேடால் சுரண்டுவார். சுரண்டலில் ஒரு துளி மிஞ்சினாலும் பசை பிடிக்காது. கூடினால் பிலிமே போய்விடும். பிறகு மூச்சை அடக்கி, தூரிகையால் ஒரே இழுப்பு. இரண்டையும் சேர்த்து அழுத்தி, உதடு அசையப் பத்து வரை எண்ணுவார். நான் ஒருமுறை ஏழிலேயே கையை எடுத்துவிட்டேன்.

"என்னா தம்பி, அவசரம்? பஸ்ஸா கிளம்புது?"

"ஒட்டிக்கிச்சு பாய்."

"ஒட்டிக்கிச்சுன்னு நீ சொல்லக்கூடாது. அது சொல்லணும்."

வெட்டி எடுத்த துண்டுகளை அவர் குப்பையில் போட்டதில்லை. எந்தப் படம், எந்த ரீல், எத்தனை கட்டம் என்று நோட்டில் எழுதி, துண்டுகளை உறையில் போட்டு வைப்பார். "நாம எடுத்த படமா இது? நாம யாரு குறைக்க?" என்பார். ஒரு முழு ரீலையே நான் காணாமலடிக்கப் போகிறேன் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

'கறுப்புச் சேணம்' எழுபதுகளின் தொடக்கத்தில் வந்து ஒரே வாரத்தில் சுருண்ட படம். ஜீயபுரத்துப் பக்கம் கோடைக் காவிரியின் மணலைப் பாலைவனமாக நினைத்துக்கொண்டு எடுத்தார்கள். தூரத்தில் வாழைத்தோப்பு தெரியாமலிருக்க கேமராவைத் தரையோடு வைத்திருப்பார்கள். அதனால் குதிரையின் வயிறு எல்லாருக்கும் பரிச்சயம். பிறகு அந்தக் கதாநாயகன் பெரிய ஆளாகிவிட்டார். எங்கள் முதலாளி பழைய படத்தைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டார். தேறிய பிரிண்ட் ஒன்றே ஒன்று. தியேட்டர் இரண்டு: ஒன்று மலைக்கோட்டை அருகே, இன்னொன்று ஸ்ரீரங்கத்தில்.

ஒரு பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டுவது அன்று சகஜம். திருச்சியில் காட்சி தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து ஸ்ரீரங்கத்தில் தொடங்கும். இங்கே ஓடி முடிந்த ரீல்களை இரண்டு மூன்றாகப் பையில் போட்டு, ஒருவர் மொபெட்டில் பாலம் தாண்டிக் கொண்டுபோவார். பாலத்தில் ஒரு மாடு நின்றால் ஸ்ரீரங்கத்தில் இடைவேளை நீளும்.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டு மேட்னி. திருச்சியில் ஒன்பதாம் ரீல் ஓடி முடியும் தறுவாயில் அறுந்தது. நான் அங்கே இருந்தேன். மொபெட்காரரிடம், "பத்து ஓடி முடிஞ்சதும் எட்டோட எடுத்துக்கிட்டுப் போங்க, ஒன்பதை முழுசா பார்த்து ஒட்டி நான் பஸ்ல கொண்டாரேன்" என்றேன். வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நிர்வாக முடிவு அது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் முடிவெடுக்கச் சொன்னதில்லை.

ஒட்டினேன். பத்து வரை எண்ணினேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். பஸ் பாலத்தின் தொடக்கத்தில் நின்றது, நின்றதுதான். மொபெட் சந்துபொந்தில் புகுந்து போயிருந்தது. பஸ்ஸுக்குச் சந்து கிடையாது. இறங்கி நடந்தேன். திருச்சி ஜில்லாவே தூக்குவாளியில் புளியோதரையை எடுத்துக்கொண்டு பாலத்தில் நின்று புதுத்தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வழி விடுங்க, அவசரம்" என்றேன். ஓர் அம்மாள் என் கையிலிருந்த வட்டத் தகர டப்பாவைப் பார்த்து, "என்ன தம்பி, சித்ரான்னமா?" என்று கேட்டார்.

தியேட்டரை அடைந்தபோது உள்ளே விசில் காதைப் பிளந்தது. மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"யோவ், கால் மணி நேரம் பார்த்தேன். ஜனம் சீட்டைக் கிழிக்க ஆரம்பிச்சிடுச்சு. பத்தைப் போட்டுட்டேன். கேக்குதா? செத்தவன் பொழைச்சு வந்துட்டான்னு ஆடுறானுங்க! ஒன்பது வேணாம், எடுத்துக்கிட்டுப் போ."

படம் முடிந்து கூட்டம் வெளியே வந்தது. மேனேஜருக்குப் பக்கத்தில், புகைப்படங்கள் மாட்டிய ஷோகேஸுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண்மணி நேராக எங்களிடம் வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். கழுத்தில் சிறு சிலுவை. பின்னால் ஒரு பட்டாளம்: கணவர், பிள்ளைகள், உறவினர்கள், கூட வேலை பார்க்கும் ஆசிரியைகள்.

"சார், நடுவுல ஒரு சீன் வரல. மணல்ல ஹீரோ விழுந்ததும் ஒரு பொண்ணு தண்ணி குடுக்கும். குதிரையைக் குடுத்து அனுப்பும். அந்த ரீல் எங்க சார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அன்று என் முதுகு டப்பாவைவிட அகலம் குறைவு.

"அப்படி ஒரு சீனே படத்துல இல்லைங்க" என்றேன். "சென்சார்லயே போயிருக்கும்."

"இல்லைங்க. அது நான்தான். காலேஜ்ல படிக்கிறப்ப ஜீயபுரத்துல எடுத்தாங்க. அப்பாவுக்குத் தெரியாம நடிச்சேன். இவங்க எல்லாரையும் அதுக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்."

குரல் கடைசியில் இறங்கிவிட்டது. பட்டாளத்திலிருந்து கணவரின் அக்கா முன்னால் வந்தார். பிலோமினா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏன் ஸ்டெல்லா, குதிரைக்குப் பின்னால நின்னியா? இல்ல, குதிரையாவே நடிச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா டீச்சரும் சிரித்தார். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் இந்தக் கட்டுரையை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன்.

மேனேஜர் அன்றே முதலாளிக்கு விசில் செய்தியைச் சொன்னார். முதலாளி தஞ்சாவூர், கும்பகோணம் எல்லா ஊருக்கும் ஒன்பதை எடுத்துவிட்டே அனுப்பச் சொன்னார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

நடந்ததைக் காதர் பாயிடம் மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணு அழுதுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். சிரிச்சாங்க."

"அல்லாவே" என்றார். அவ்வளவுதான். ஒன்பதைத் தனி டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். வருடம் ஒருமுறை எடுத்து, மெதுவாகச் சுற்றி, காற்றாட விட்டு, மறுபடி வைப்பார். யாரும் சொல்லாத வேலை. ஓய்வு பெறும்போது என்னிடம் சொன்ன ஒரே விஷயம், "ஒன்பதுக்கு மூச்சு விட மறந்துடாதே தம்பி."

மறந்தேன். முதல் சில வருடம் செய்தேன். பிறகு படங்கள் டிஜிட்டலாகி, மேஜைகள் போய், நானும் கடவுச்சொல் ஒப்பிக்கிற ஆளாகிவிட்டேன். ஒன்பது அலமாரியின் மேலேயே மூச்சு முட்டிக் கிடந்தது. காதர் பாயும் மவுத்தாகிவிட்டார்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பு, பழைய படங்களைப் புதுப்பிக்கிற சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து நித்யா என்ற இன்ஜினியர் வந்தார். படத் தயாரிப்பாளரின் பேரன் 'கறுப்புச் சேணத்தை'ப் புதுப்பித்து வெளியிடப் போகிறாராம். மூல நெகட்டிவ் அழிந்துவிட்டது. மிச்சம் எங்கள் பிரிண்ட்தான்.

"ஸ்ரீரங்கம் வெர்ஷன் மட்டும் போதும்ங்கறார் சார் அவர்" என்றார் நித்யா. "டைரக்டரோட கடைசி முடிவு அதுதானாம். ஒன்பதாவது ரீல் இருந்தா நல்லதுதான். எனக்குப் பார்க்க ஆசை. ஆனா தேட வேண்டாம்னுட்டார்."

நான் ஏணி போட்டு ஏறினேன். டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய்ப் பானையைத் திறந்த மாதிரி புளித்த வாடை. பிலிம் கெடத் தொடங்கினால் காடி நாற்றம் வரும். சுருள் உலர்ந்த அப்பளமாக வளைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. நித்யா மூக்கை மூடிக்கொண்டு, "போச்சு சார்" என்றார்.

"பார்ப்போம்மா."

ஈரம் உறிஞ்சும் குருணைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் சுருளைப் பத்து நாள் வைக்கச் சொன்னார் நித்யா. பத்து நாளுக்குப் பிறகு பழைய சக்கரங்களைப் பரணிலிருந்து இறக்கினோம். கைப்பிடியைச் சுற்றவில்லை, சக்கரத்தின் விளிம்பை ஒரு விரலால் தள்ளினேன். ஒரு சாண் பிரியும். நிறுத்த வேண்டும். ஒட்டிய இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, இழுக்காமல், பிலிம் தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் படம் பட்டையோடு உரிந்து வந்துவிடும். முன்பகுதியில் ஒரு நகைச்சுவைக் காட்சி பாறையாகிவிட்டது, காப்பாற்ற முடியவில்லை. அதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாட்டுக்கு நஷ்டமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நித்யாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். விரல் நின்றது. அது நான் போட்ட ஒட்டு, அன்று மேட்னியில் போட்டது. பிரியாமல் இருந்தது. சற்று முன்னே, விளக்குக் கண்ணாடியின் மேல், தபால்தலை அளவுக் கட்டங்களில் தாவணி கட்டிய ஒரு பெண் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் சார் இது?" என்றார் நித்யா.

காதர் பாய்க்குப் பிறகு முதல் முறையாக முழுவதையும் சொன்னேன். பஸ், பாலம், டப்பா, பொய். நித்யா சிரிக்கவில்லை. "இதைப் பேரன்கிட்டச் சொன்னாத்தான் சார் ஒன்பது உள்ள வரும். டைரக்டர் வெட்டல, டிராஃபிக் வெட்டுச்சுன்னு."

போனில் சொன்னேன். பேரன் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நாற்பது வருடப் புராணத்தை ஒருவன் போனில் கலைத்தால் அப்படித்தான் இருக்கும். பிறகு அவர், "சார், ரெண்டையுமே போடுவோம். காலையில முழுப் படம், மேட்னிக்கு ஸ்ரீரங்கம் வெர்ஷன். எப்படி வந்துச்சுன்னு முன்னாலயே கார்டும் போட்டுடுவோம்" என்றார்.

கார்டு வருவதற்குள் நான் போய்ச் சொல்லியாக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் உறையூரில் மகனோடு இருந்தார். எழுபதைத் தாண்டியவர். காபி கொடுத்தார். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், அன்னைக்கு அந்த ரீல் என் கையிலதான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படிங்க?"

"உங்க பின்னால ஷோகேஸ் கண்ணாடி. டப்பாவுல பெருசா ஒன்பது. தலைகீழா இல்ல, இடவலம் மாறித் தெரிஞ்சுச்சு."

"அப்ப ஏன் கேக்கலைங்க?"

"நான் டீச்சர்ங்க. பின்னால எதையோ மறைச்சுக்கிட்டு நிக்கிற மூஞ்சியை தினமும் பார்க்கிறவ. கையை நீட்டுன்னா நீட்டியிருப்பீங்க. பக்கத்துல உங்க மேனேஜர். ரகளையானா பழி உங்க மேலதான் விழும். சட்டை முழுக்க வேர்வை. ஓடி வந்திருக்கான், இவன் மேல என்ன கோபம்னு விட்டுட்டேன்." காபியை என் பக்கம் நகர்த்தினார். "வீட்டுக்குப் போனதும் கோபம் வந்துச்சு. அது வேற. பிலோமினாக்கா இன்னைக்கு வரைக்கும் விடல. பேத்தி கல்யாணத்துல மாப்பிள்ளை குதிரையில வந்தாரு, 'ஸ்டெல்லா, உன் சொந்தக்காரன் வந்திருக்கான்'னாங்க."

என் வேலையைக் காப்பாற்றியவர் யார் என்று தெரியாமலே முப்பது சொச்சம் வருடம் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "காபி ஆறுது" என்றார்.

நான் ஓய்வு பெற்ற சில மாதத்தில் படம் திருச்சியில் மறுபடி வெளியானது. முதல் நாள், காலைக் காட்சி. ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எண்பதை நெருங்கிய பிலோமினா அம்மாவையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். நானும் நித்யாவும் பின் வரிசையில்.

எட்டாம் ரீல் முடிந்தது. கதாநாயகன் மணலில் விழுந்தான். ரசிகர்கள் விசிலுக்குத் தயாராக விரலை வாயில் வைத்தார்கள். குதிரை வரவில்லை. ஒரு பெண் வந்தாள். குடத்தைச் சாய்த்தாள். கேமரா அவளைவிட்டு நகரவே இல்லை. "யாருப்பா இதைச் சேர்த்தது? இழுக்குது" என்றார் ஒருவர் சத்தமாக. ஒரு ரசிகனாக அவர் சொன்னதில் தவறில்லை. ஒன்பது இல்லாமல் படம் நன்றாகத்தான் ஓடுகிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது வேறு.

அந்தப் பெண் கடிவாளத்தை நீட்டி வசனம் பேசினாள். "குதிரை திரும்பி வரணும். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

அரங்கத்தில் சிரிப்பு எழுந்து, கைதட்டலாக மாறியது. இழுக்குது என்றவரும் தட்டினார். முன் வரிசையில் பிலோமினா அம்மா திரையையும் பக்கத்து இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே வெளிச்சத்தில் இருவரும் நின்றார்கள். பிலோமினா அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நடிப்பு ஒண்ணும் சரியில்ல ஸ்டெல்லா. கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல உனக்கு. குரலும் உன்னுது இல்ல, யாரோ மெட்ராஸ்காரி."

"ஆமாக்கா" என்றார் டீச்சர். "சுமார்தான்." நடிப்பு சரியில்லை என்று ஒருவரைச் சொல்ல, முதலில் அவர் நடித்திருக்க வேண்டும். பெரிய விருது வாங்கியவர்களின் முகங்களைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் அப்போது டீச்சர் முகத்தில் இருந்த களை இல்லை.

நித்யா அருகே போய், "மேட்னி ஸ்ரீரங்கம் வெர்ஷன்மா. உங்களுக்கு ரெண்டு சீட்டு வெச்சிருக்கோம், இருந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்றார்.

"அதுல இவ வரமாட்டாளாமே?" என்றார் பிலோமினா அம்மா. "அப்புறம் அது என்ன படம்?"

டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.